தூளியில் தாத்தா

வா பேராண்டி, உக்காரு. தேக்கா சந்தையில நான் இருக்கறப்ப கோப்பிக்கு நீ காசு குடுக்கக் கூடாது. எனக்குக் கோப்பி ஓ கோசோங். சர்க்கரைய டாக்டர் எடுத்துட்டாரு, வாயை மட்டும் விட்டுவச்சிருக்காரு. கழுத்துல என்ன அது, அட்டை? எல்லா இடத்துக்கும் போகலாம்னு எழுதியிருக்கா? நல்லது. எல்லா இடத்துக்கும் போனியே, கூரைக்குப் போனியா? போகல இல்ல? நெனச்சேன்.

நேத்து சாயங்காலம் உன் சவுண்டு செக்குக்கு வந்திருந்தேன். பேத்தி ஆடுறாளாம், கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா. நீ ஐபேடத் தூக்கிக்கிட்டு மண்டபம் பூரா நடக்குற. நடுவுல நிக்கிற. கண்ண மூடுற. சாமி வந்தவன் மாதிரி தலைய ஆட்டுற. அப்பறம் காதுல மாட்டுன கருவியில சொல்ற: "மிட் கொஞ்சம் மட்டியா இருக்கு, ப்ரோ." எங்க ஒரத்தநாட்டுப் பக்கம் மட்டின்னா ரெண்டு பொருள்டா. ஒண்ணு தண்ணியில கெடக்கும். இன்னொண்ணு நாற்காலியில உக்காந்திருக்கும். எதச் சொன்ன நீ?

நீ காதால பாத்தது எல்லாத்தையும் நான் கண்ணால பாத்தேன். மேடைக்கு ரெண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி ஸ்பீக்கர் பொட்டி தொங்குது. பக்கத்துக்குப் பன்னெண்டு. தார் நுனி வளையுற மாதிரியே அடியில ஒரு வளைவு. அழகுதான், இல்லைங்கல. அதுக்கு நேரா கீழ முதல் வரிசை. வெள்ளத் துணி போர்த்துன நாற்காலி, விழாத் தலைவருக்கு ஒண்ணு, தலைவரு சம்சாரத்துக்கு ஒண்ணு. நான் உன்கிட்ட வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பொட்டி என்ன எடை?

"அதெல்லாம் ரிக்கிங் பசங்க பாத்துக்குவாங்க, தாத்தா"ன்ன.

பாரம் கட்டித் தொங்கவிடுற அந்த ரிக்கிங் பசங்ககிட்ட போனேன். "பொட்டி அனுப்புனவங்க பாத்துருப்பாங்க"ன்னான் ஒருத்தன். "மண்டபத்துக்காரங்க பாத்துருப்பாங்க"ன்னான் இன்னொருத்தன். மண்டபத்துக்காரரு குளிர்சாதனத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாரு. கல்யாண வீட்டுல மோதிரம் எங்கன்னு கேட்டா ஆளாளுக்கு அடுத்தவன் பையக் காட்டுவானே, அந்தக் கதைதான். ஏன்டா, பாரம் தலைக்கு மேல இருக்கு. பொறுப்பு மட்டும் எப்பவும் பக்கத்துத் தலையிலயா?

எங்க காலத்து மைக் செட்டு தெரியுமா உனக்கு? கொழாய் ஸ்பீக்கரு, அஹுஜா ஆம்பிளிஃபயரு, ஒரு சைக்கிள். திருவிழான்னா மைக் செட்காரன் அந்தக் கொழாயத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தென்ன மரத்துல ஏறுவான். தேங்கா நாருக் கயித்தால நாலு கட்டு, மேல ஒரு முடிச்சு. விழுந்தா ஒரு ஆடு சாகும். ஆட்டுக்குக் காசு குடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போவான். அவன் பாதுகாப்பா கட்டுனான்னு நான் சொல்ல வரல. ஆனா அவனுக்கு ஒண்ணு தெரியும். அந்தக் கொழாயி என்ன கனம்னு அவன் தோளு சொல்லிடும். பாதி மரம் ஏறையிலேயே மூச்சு கணக்குப் போட்டுரும். இப்ப யாரு தோளுல தூக்குறா? சக்கரம் வச்ச வண்டியில தள்ளிட்டு வாரீங்க. சங்கிலி மோட்டாரு மாட்டுறீங்க. பொத்தான அமுக்குனா பூப்போல மேல போவுது. மோட்டாரு முனகுனாத்தானே கனம் தெரியும்? அது முனகாது. பத்து கிலோவும் ஆயிரம் கிலோவும் அதுக்கு ஒரே ராகம்.

இந்தத் தார் பொட்டிய இன்னிக்கு இருக்குற உருவத்துக்குக் கொண்டு வந்தவரு ஒரு பிரெஞ்சுக்காரரு, கிறிஸ்டியன் ஹைல்னு பேரு. பௌதிகம் படிச்சவரு. 1992 வாக்குல அவரு கம்பெனி எல்-அகூஸ்டிக்ஸ் 'வி-டாஸ்க்'னு ஒண்ணு கொண்டாந்துச்சு. அதுக்கப்பறம் உலகம் பூரா தார் தாராத் தொங்குது. அவங்களோட பெரிய பொட்டி 'கே1' ஒண்ணு 106 கிலோ. பன்னெண்ட மாட்டுனா 1,272 கிலோ. ஒரு பக்கத்துக்குடா! ஒரு கார் அது. இந்த ஊருல காரு வாங்கணும்னா சிஓஇங்கற உரிமைச் சான்றிதழ் எடுக்கணும், கடன் வாங்கணும், பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கணும். தலைவரு தலைக்கு மேல காரத் தொங்கவிட மட்டும் "பசங்க பாத்துக்குவாங்க"ளா? உன்னோடது சின்னப் பொட்டியா இருக்கலாம். கே2-ன்னா 56 கிலோ. அதையாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?

எடைய மறந்தா என்னாகும்னு கேக்குறியா? எந்திரி, வெளிய வா. இப்படியே சிராங்கூன் ரோட்டுல நேரா நட. வீரமாகாளியம்மன் கோயிலத் தாண்டு. பெருமாள் கோயிலுக்குப் போற வழியில ஓவன் ரோடு முனை வரும். அங்கதான் நியூ வேர்ல்டு ஹோட்டல் இருந்துச்சு. ஆறு மாடி. 1971-ல கட்டுனது. 1986 மார்ச் 15, சனிக்கிழமை, மணி பதினொன்னரைக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு நிமிஷம்கூட ஆகல, மொத்தமும் உக்காந்துருச்சு. 33 பேரு போயிட்டாங்க. 17 பேர உயிரோட எடுத்தாங்க. அப்ப எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கிட்டிருந்த வெளிநாட்டுக்காரங்ககூட வேலையப் போட்டுட்டு வந்து இடிபாட்டுக்கு அடியில வளை தோண்டுனாங்க. நான் ரோட்டுக்கு அந்தாண்ட கூட்டத்தோட நின்னேன். யாரும் பேசல. உள்ள இருந்து சத்தம் வருதான்னு எல்லாரும் காதத் தீட்டிக்கிட்டு நின்னோம்.

விசாரணைக் குழு உக்காந்து பாத்துச்சு. குண்டு இல்ல, சுரங்கத்தால வந்த கேடும் இல்ல. பின்ன என்ன? கட்டடத்துக்குள்ள வர்ற ஆளு, சாமான் எடையெல்லாம் கணக்குல இருந்துச்சு. கட்டடத்தோட சொந்த எடைய மட்டும் கணக்குல சேக்கல! சொவரு, தளம், தூணு, எல்லாம் சும்மா நிக்கும்னு நெனச்சாங்க போல. மொட்டமாடியில ஏத்துன குளிரூட்டிக் கோபுரம், கீழ வந்த வங்கியோட பெட்டக அறை, அதெல்லாம் கொசுறு. பதினஞ்சு வருஷம் அந்தத் தூணுங்க பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னுருக்கு. தூணுக்கு வாய் இல்ல பாரு.

நீயும் பன்னெண்டு பொட்டிய எண்ணுவ. அதத் தாங்குற இரும்புச் சட்டம் இருக்கே, நீங்க பம்பர்ங்கறது, அத யாரு எண்ணுறது? மோட்டாரு? மோட்டாரோட சங்கிலி? கட்டுக்கட்டா ஒயரு? மேடைச் சட்டக்கூடு, அந்த ட்ரஸ்ஸுல கடைசி நேரத்துல விளம்பரதாரரு மாட்டச் சொன்ன திரை? நேத்துகூட ஒருத்தரு வந்து "நம்ம கடை போர்டையும் இதுலயே மாட்டிடுங்க, கைக்கடக்கமாத்தான் இருக்கும்"னாரு. நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க அந்தக் கைக்கடக்கத்த.

சரி, எடை தெரிஞ்சுருச்சு. எதுல தொங்குது? இண்டோர் ஸ்டேடியம், எஸ்பிளனேடு மாதிரி இடம்னா அரங்கத்துக்காரங்ககிட்ட வரைபடம் இருக்கும். இந்த உத்தரத்துல இந்த இடத்துல இவ்வளவுதான்னு கிலோ கணக்குல கையில குடுப்பாங்க. மிஞ்சுனா முடியாதும்பாங்க, நீயும் மொகத்தத் தூக்கிவச்சுக்குவ. நம்ம கல்யாண மண்டபம், சமூக மன்றம்னா? அண்ணாந்து பாத்தா வெள்ள வெளேர்னு பலகை. பொய்க்கூரை. பேருலயே பொய்ய வச்சுட்டுத்தான்டா கட்டியிருக்கான்! அதுக்கு மேல நெசக்கூரை எங்க, இரும்பு எங்க, அது எதுக்காகப் போட்டது, ஏசி கொழாயத் தாங்கவா உன் காரத் தாங்கவா, இது ஏணி வச்சு ஏறிப் பாத்தாத்தான் தெரியும். பொறியாளருகிட்ட காகிதம் வாங்கித்தான் தெரியணும். தெரியலையா? தரையில கோபுரம் நட்டு அதுல தொங்கவிடு. இல்ல, பொட்டிய மேடையில அடுக்கிட்டுப் போயேன். சத்தம் கொஞ்சம் மட்டியா இருக்கும், அவ்வளவுதான?

இப்ப அந்த அரிசிக் கடையில ஒரு பத்து கிலோ பை வாங்கிட்டு வா. கயிறு ஒண்ணு குடுப்பான், அதையும் வாங்கு. பையோட கழுத்துல கயித்த முடி, ரெண்டு பக்கமும் நீளமா விடு. ஒரு முனைய நீ புடி. இந்தக் கோப்பித்தம்பி இன்னொரு முனையப் புடிக்கட்டும். ரெண்டு பேரும் ஒட்டி நில்லுங்க. கயிறு செங்குத்தா இருக்கா? ஆளுக்கு அஞ்சு கிலோ. சுகமா இருக்கா? இப்பப் பை ஏறவும் கூடாது எறங்கவும் கூடாது, அப்படியே பின்னால போங்க. போங்க. கயிறு ரெண்டும் 120 பாகை விரிஞ்சுருச்சா? இப்ப ஆளுக்குப் பத்து கிலோடா! பை அதே பைதான். இன்னும் போங்க. 150 பாகையில ஆளுக்கு 19 கிலோ. 170-க்குப் போனா 57 கிலோ. பாத்தியா, கோப்பித்தம்பி கயித்த விட்டுட்டான். அவன் புத்திசாலி, விட்டுட்டான். கம்பிய மாட்டுற இரும்பு வளையம் இருக்கே, உன் ஷேக்கிளு, அது விடாது. இருக்குற வரைக்கும் இருந்துட்டு, படக்குனு போயிரும்.

எதுக்குச் சொல்றேன்னா, ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல பொட்டி தொங்கணும்னா ரெண்டு பக்கமும் கம்பி இழுத்து நடுவுல சேப்பீங்க. கூரை தாழ்வா இருக்கும். பொட்டி ஒசரமா வேணும்னு உன் ஐபேடு சொல்லும். உடனே கம்பிய விரிச்சுப் படுக்கப் போடுவீங்க. "ஒரு டன் தாங்குற ஷேக்கிள்தானே, பொட்டி ஒரு டன்தானே"ம்பீங்க. அரிசிப் பையக் கேட்டுட்டுச் சொல்லு.

நான் செம்பவாங்குல கப்பல் பட்டறையில முப்பது வருஷம் ரிக்கரு. ஒரு சின்ன இரும்புத் துண்டுக்கும் ரெண்டு தடவ பாப்போம். ஐபோல்ட்டு இருக்கே, கண்ணு வச்ச ஆணி, அது நேரா இழுத்தா யானையத் தாங்கும். 45 பாகை சாச்சு இழுத்தா மூணுல ஒரு பங்குகூடத் தாங்காது. கம்பிக் கயித்த மடக்கி கிளிப்பு போடுறப்ப, வளைஞ்ச பக்கம் வெட்டு முனை மேல உக்காரணும், பாரம் தாங்குற கம்பி மேல உக்காந்தா நசுங்கிரும். புதுசா வந்தவன் எல்லாரும் மாத்தித்தான் போடுவான். எங்க ஃபோர்மேன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கிளிப்பக் கழட்டி அவன் சட்டைப்பையிலயே போட்டுட்டுப் போவாரு. சாயங்காலம் வரைக்கும் அவன் அந்தக் கனத்தோட நடக்கணும்.

இப்ப உங்க ஆளு ஒருத்தன் வாரான், பாரம் தூக்குற பெல்ட்டெல்லாம் கருப்புல வேணுங்கறான். ஏன்னா மேடையில தெரியக் கூடாதாம், கலையாம்! அந்த பெல்ட்டுக்கு நெறம் வச்சது எதுக்கு? ஊதா ஒரு டன். பச்ச ரெண்டு. மஞ்ச மூணு. இருபதடி கீழ இருந்து கெழவன் அண்ணாந்து பாத்தாலும் தெரியணும்னுதான். கருப்புல வாங்குனா சீட்டப் படிக்கணும். சீட்டு கிழிஞ்சா பெல்ட்டையே தூக்கிப் போடணும். போடுறானா? "போன வருஷமும் இதான் தாத்தா போட்டோம்"ங்கறான். போன வருஷம் போட்டதத்தான்டா நானும் சொல்றேன். அதுவும் பாலியஸ்டர் பெல்ட்டு. சூடான விளக்குக்குப் பக்கத்துல போனா மெழுகா உருகும். அதனாலதான் இரும்புக் கம்பி ஒண்ணு கூடவே துணைக்குப் போகணுங்கறது. துணைக்குப் போறது ஒட்டியே போகணும். ஒரு முழம் தொளதொளன்னு விட்டா, பொட்டி அந்த ஒரு முழம் விழுந்து வெடுக்குனு நிக்கிறப்ப, எடை பல மடங்காயிரும். அந்த வெடுக்குலயே கம்பியும் கூடப் போயிரும். ரெண்டு பொண்டாட்டி கட்டி ரெண்டையும் தொலைச்சவன் கதை.

மோட்டாருலயும் வகை இருக்கு. ஜெர்மன்காரன் பிரிச்சு வச்சிருக்கான். டி8-ன்னா ஆளு மேல தொங்கறப்ப இன்னொரு துணைப்பிடி வேணும். டி8 பிளஸ்ஸுன்னா தனியாவே தாங்கும். ஆளு தலைக்கு மேல பாரத்த ஏத்தி எறக்கணும்னா சி1. நீ எத வாடகைக்கு எடுத்த? "மஞ்சக் கலர் மோட்டாரு"ன்னு சொன்னியே, அப்ப எனக்கு சிரிப்பு வரல தம்பி.

காகிதமா? காகிதம் கட்டுக்கட்டா இருக்கு. இந்த ஊருல சட்டத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. 2006-ல வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். கிரேன் வச்சுத் தூக்குனா 2011-ல வந்த விதிப்படி தூக்கும் திட்டம் எழுதணும், மேற்பார்வையாளரு, ரிக்கரு, சிக்னல்மேன் வேணும். ஷேக்கிளு, பெல்ட்டு, சங்கிலி எல்லாத்தையும் வருஷத்துக்கு ஒருக்கா அங்கீகாரம் வாங்குன பரிசோதகரு பாத்துக் கையெழுத்துப் போடணும். நல்ல சட்டம். ஆனா ஒரு நிகழ்ச்சியில ஆபத்து மதிப்பீட்டுத் தாள வாங்கிப் படிச்சேன். படிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, அதான் படிச்சேன். 'கடலோரக் காற்று பலமாக வீசினால் நிகழ்ச்சியை நிறுத்துக'ன்னு போட்டிருந்துச்சு. நாங்க இருந்தது நாலாவது மாடி, சன்னலே கெடையாது! ஏதோ கடற்கரை விழாத் தாள எடுத்துப் பேர மட்டும் மாத்தியிருக்கான். அடுத்த பக்கத்துல அதையும் மாத்தல.

அப்பறம் ஹெல்மட்டு. எல்லாரும் வரிசையா நின்னு படம் புடிச்சுக்கிட்டீங்க, கட்டவிரலத் தூக்கி. படம் முடிஞ்சதும் ஹெல்மட்டு நாற்காலியில, தலை பொட்டிக்கு அடியில. மேல ஏணியில நின்னவன் இடுப்புல ஒரு ஸ்பேனரு, கயிறு கட்டாம. பதினஞ்சு மீட்டர்ல இருந்து அது விழுந்தா மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல வந்து சேரும். ரோட்டுல வேகம் மிஞ்சுனா கேமரா புடிக்கும். தலையில வந்தா யாரு புடிப்பா?

காத்துன்னு சொன்னேன்ல, திறந்தவெளின்னா அது வேற கதை. கோயில் திடல்ல, புளோக்கு ஓரமா, சீனங்களோட கெத்தாய் பாட்டு மேடையில, எங்க கோபுரம் நட்டாலும் வானத்தப் பாக்கணும். சுமத்ரா சூறைன்னு ஒண்ணு வரும், ஏப்ரல்ல இருந்து நவம்பரு வரைக்கும், பெரும்பாலும் விடியக்காலம். 2024 செப்டம்பர் 17-ல வந்தது மணிக்கு 83 கிலோமீட்டர். 1984 ஏப்ரல்ல தெங்காவுல 144 அடிச்சிருக்கு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அதோட தள்ளு நாலு மடங்கு. அந்தத் தள்ளுக்கு முன்னாடி, உன் ட்ரஸ்ஸுக்குப் பின்னால இறுக்கிக் கட்டுன பேனரு என்னவா இருக்கும் தெரியுமா? பாய்மரம்! கப்பல் பட்டறைக்காரன் சொல்றேன், கேட்டுக்க. கப்பலுக்காவது போறதுக்குக் கடல் இருக்கு.

1990 ஆகஸ்டு 13, நியூயார்க்குல கர்ட்டிஸ் மேஃபீல்டுன்னு பெரிய பாடகரு மேடை ஏறுனாரு. காத்துல விளக்குச் சட்டம் சாஞ்சு அவரு மேல விழுந்துச்சு. கழுத்துக்குக் கீழ அசைவே போயிருச்சு. 2011, அதே ஆகஸ்டு 13, இண்டியானா மாநிலத் திருவிழா. மேடைக் கூரைய காத்து கூட்டத்து மேல சாச்சுருச்சு. ஏழு பேரு செத்தாங்க. சோசியக்காரன்கிட்ட கேட்டா ஆகஸ்டு 13 ஆகாதும்பான். ஹாங்காங்குல 2022 சூலை 28 அன்னிக்கு மிர்ரர்னு ஒரு பாட்டுக் குழு ஆடிக்கிட்டிருக்கையில பெரிய திரை கம்பி அறுந்து ஆடுறவங்க மேல விழுந்துச்சு. அது உள்ளரங்கம், காத்துமில்ல மழையுமில்ல. தொங்குன சாமானோட எடை, சொன்னதவிட ரொம்பக் கூடன்னு அப்பறம் அரசாங்கக் குழு சொல்லுச்சு. நம்மாளுங்க மட்டும் தப்பிச்சாங்களா? 2020 பிப்ரவரி 19 ராத்திரி, சென்னைக்குப் பக்கத்துல ஈவிபி பிலிம் சிட்டி, 'இந்தியன் 2' படப்பிடிப்பு. விளக்கு தூக்குன கிரேனு சாஞ்சு மூணு பேரு செத்தாங்க. சாமான் தூக்குறவங்களும் உதவியாளுங்களும்தான் எப்பவும் அடியில நிப்பாங்க.

மொறைக்காத. உன்னப் பயமுறுத்த வரல. இன்னொண்ணு சொல்லிட்டு விட்டுடுறேன்.

உங்க அப்பன் பொறந்தப்ப நாங்க தோ பாயோவுல வீவக வீட்டுல இருந்தோம். சாரோங் தூளி கட்டணும். கடையில ஸ்பிரிங்கு வாங்கியாந்தேன், மேல ஒரு கொக்கி மாட்டுனேன். உங்க பாட்டி பாத்தா. புள்ளையத் தூக்கிட்டு வரலை. "நீங்க படுங்க"ன்னா. என்னாடி இதுன்னேன். "படுங்கன்னா படுங்க!" அன்னிக்கு நான் அறுவது கிலோ. புள்ள நாலு கிலோவுக்கும் கொறைவு. மாமியாரு, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, கீழ் வீட்டுச் சீனத்தி, எல்லாரும் வாசல்ல நின்னு சிரிக்கிறாங்க. நான் முட்டியக் கட்டிக்கிட்டு தூளிக்குள்ள ஆடுறேன். அவ கொக்கியவே பாத்துக்கிட்டு நின்னா. என்னைய ஒரு தடவகூடப் பாக்கல. பத்து நிமிஷம் கழிச்சு "எறங்குங்க"ன்னா. எறங்குனதும் நாற்காலி போட்டு ஏறி, அந்தக் கொக்கியத் தொட்டுத் திருகிப் பாத்தா. அதுக்கப்பறந்தான் உங்க அப்பன் தூளியில ஏறுனான். பாதுகாப்புக்கு அஞ்சு மடங்கு, பத்து மடங்குன்னு கணக்கு சொல்றீங்களே, அவ பதினஞ்சு மடங்கு வச்சா. பள்ளிக்கூடமே போனதில்ல.

நேரமாவுதா? ராத்திரி நிகழ்ச்சி, தெரியும். நானும் வர்றேன், கடைசி வரிசையில தூணு ஓரமா. போறதுக்கு முன்னாடி அந்த போன எடு. பொட்டி எத்தன கிலோ, பம்பர் எத்தன கிலோ, அந்தக் கைக்கடக்க போர்டு எத்தன கிலோ, பொய்க்கூரைக்கு மேல எந்த இரும்பு, யாரு ஏறிப் பாத்தது. இங்கயே கேளு, ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு. நான் இன்னொரு கோப்பி சொல்றேன்.

என்னங்கறான்? வேற யாரையோ கேட்டுட்டுக் கூப்பிடுறேங்கறானா? அப்ப கோப்பித்தம்பி, ரெண்டாக் கொண்டா. அப்படியே அந்த அரிசிப் பைய ஓரமா எடுத்து வையி, இவன் மொதலாளி வந்தாலும் வரலாம்.